வரத்தும் இல்லை, மறுகாலும் இல்லை

(2026 ஜனவரியில் வாசுதேவநல்லூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கால்பந்து லீக் ஒன்று எப்படி எழும்பியது, எப்படிச் சரிந்தது என்று பேசச் சொன்னார்கள். வாசுதேவநல்லூரில் இந்தப் பேச்சு எதற்கு என்று உள்ளே வரும்போதே ஒருவர் கேட்டுவிட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நம் பக்கம் மைதானம் என்றால் கபடிக்கும் வாலிபாலுக்கும்தான் முதல் உரிமை. சென்னை நேரு ஸ்டேடியம் இங்கிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டினால் கொச்சி மைதானம் அதில் பாதித் தூரம்கூட இல்லை. அதனால்தானோ என்னவோ, ஜெர்சி போட்ட தம்பிகள் பிடித்திருக்கும் இந்த முன்வரிசையில் சென்னையின் நீலத்தைவிடக் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள்தான் அதிகம் தெரிகிறது. வருத்தமில்லை தம்பிகளா, கிட்டத்தில் இருக்கிற மைதானத்துக்குத்தான் மனசு போகும்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வழக்கமாகப் புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கிவிடும் இந்தியன் சூப்பர் லீக், இந்தத் தடவை பொங்கல் வந்தும் தொடங்கவில்லை. ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. இந்த மாதம் 6ஆம் தேதி மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பிப்ரவரி 14 முதல் 14 கிளப்புகளோடு லீக் நடக்கும் என்று அறிவித்தார். மொத்தம் 91 ஆட்டங்கள். ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளோடு ஒரே ஒரு முறை மோதும். முந்தைய பருவங்களில் சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்று இரண்டு முறை மோதினார்கள். ஒரு நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கை நடத்தி முடிக்க அமைச்சர் மேடையேறி நாள் குறிக்க வேண்டியிருந்தது என்றால், இடையில் என்ன நடந்தது என்று விசாரிக்கத்தான் வேண்டும்.

முதலில் அந்த எழுச்சியைப் பார்த்துவிடுவோம். இன்றைக்கு அதைக் கிண்டல் செய்வது சுலபம். அன்றைக்கு அது கிண்டலுக்குரியதாக இல்லை.

2014 அக்டோபர் 12, சூப்பர் லீக்கின் முதல் ஆட்டம். கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். அட்லெடிகோ டி கொல்கத்தாவும் மும்பை சிட்டியும் மோதுகின்றன, கொல்கத்தா 3-0 என்று ஜெயிக்கிறது. எட்டு அணிகள். பலவற்றுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம்: கொல்கத்தாவுக்கு சவுரவ் கங்குலி, கொச்சிக்கு சச்சின், சென்னைக்கு அபிஷேக் பச்சன், சில நாளில் அவரோடு தோனி. ஆடுகிறவர்களின் பெயர்களைக் கேளுங்கள். இத்தாலியின் டெல் பியரோ டெல்லிக்கு, பிரான்சின் ராபர்ட் பிரெஸ் கோவாவுக்கு, அனெல்கா மும்பைக்கு, ட்ரெசகே புனேவுக்கு. இங்கிலாந்தின் டேவிட் ஜேம்ஸ் கொச்சியின் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கிறார். பிரேசிலின் ஜிக்கோ கோவாவின் பயிற்சியாளர். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடானிடம் தலையால் முட்டு வாங்கிய மாட்டெராசி நம் சென்னைக்கு வந்து ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுக்கிறார். தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த ஆட்கள், நம் ஊர் வெயிலில் வியர்த்து விறுவிறுத்து ஓடினார்கள். அந்த முதல் பருவத்தில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 24 ஆயிரம் பேருக்கு மேல் மைதானத்துக்கு வந்தார்கள். கிரிக்கெட்டைத் தவிர வேறு எதற்கும் டிக்கெட் வாங்க மாட்டான் இந்தியன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

சென்னையின் எஃப்.சி. 2015 டிசம்பர் 20 அன்று கோவாவின் சொந்த மைதானத்திலேயே கோவாவை 3-2 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. கடைசி நிமிடங்கள்வரை கோவா 2-1 என்று முன்னால் நின்றது. பிறகு கோல் கீப்பர் கட்டிமணி கையிலிருந்தே ஒரு பந்து உள்ளே போனது, அடுத்தது கொலம்பியாவின் மென்டோசா அடித்தது. 2018 மார்ச்சில் மறுபடியும் ஒரு 3-2, இந்த முறை பெங்களூருவில், பெங்களூருவுக்கு எதிராக. இரண்டு தடவையும் எதிராளி வீட்டில் போய்ப் பிடுங்கிய கோப்பைகள். சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று ரசிகர் கூட்டங்கள் உருவாயின. இதையெல்லாம் பணக்காரர்கள் காட்டிய படம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் இங்கே கால்பந்தே இல்லை என்பதுபோல ஒரு விளம்பரம் நடந்தது பாருங்கள், அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது.

டுராண்ட் கோப்பை 1888இல் தொடங்கியது. மோகன் பகான் வெள்ளைக்காரப் படையணியை 1911இல் வென்ற கதை உங்களுக்குத் தெரியும். 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அந்தக் காலத்து கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ் ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் ஆடி மேலே வந்தவர். இதெல்லாம் பழைய பெருமை, விடுங்கள். தேசிய அளவில் ஒரு லீக் என்பதே 1996இல்தான் வந்தது. நேஷனல் ஃபுட்பால் லீக். முதல் பட்டம் பஞ்சாபின் பக்வாராவில் இருந்த ஜே.சி.டி. என்ற துணி மில் அணிக்கு. சென்னையின் இந்தியன் வங்கி அணியும் அந்த லீக்கில் ஆடியது.

மில் அணி, வங்கி அணி. இந்தச் சொற்களைக் கேட்டால் இளையவர்கள் சிரிக்கலாம். கொஞ்சம் நில்லுங்கள். இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித் துறை, மின்சார வாரியம் என்று சென்னை லீக் முழுக்க முழுக்க ஆபீஸ் அணிகளால் நடந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. காலையில் பயிற்சி, அப்புறம் ஆபீஸ், மேட்ச் நாளில் ஆன் டூட்டி. ஆட்டம் பெரிய தரம் இல்லைதான். காலியான காலரிகளுக்கு நடுவே ஆடினார்கள், அதுவும் உண்மை. ஆனால் முட்டி உடைந்து ஆட்டம் முடிந்துபோனவன் மறுநாள் கவுன்டரில் உட்கார்ந்து பாஸ்புக்கில் என்ட்ரி போட்டான். அறுபது வயதில் பென்ஷனோடு வீட்டுக்குப் போனான். சென்னை வியாசர்பாடிப் பையனும் கன்னியாகுமரிக் கடற்கரைப் பையனும் பந்தை நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப அந்த வேலைதான் தைரியம் கொடுத்தது. தொழில்முறை லீக் வந்தபோது அந்த ஏற்பாட்டைப் பழசு என்றார்கள். பழசுதான். அதற்குப் பதிலாக வந்தது ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம்.

தொழில்முறை என்பது 2014இல்தான் வந்தது என்பதும் சரியில்லை. மலைக்கு அந்தப் பக்கம் எஃப்.சி. கொச்சின் என்று ஒரு கிளப் 1997இல் தொடங்கியது. ஐ.எம்.விஜயன், ஜோ பால் அஞ்சேரி எல்லாம் ஆடினார்கள். பிறந்த ஆண்டே டுராண்ட் கோப்பையைத் தூக்கியது. 2002இல் காசில்லாமல் இழுத்து மூடப்பட்டது. 2005-06இல் தேசியப் பட்டம் வென்ற மஹிந்திரா யுனைடெட்டை 2010இல் மூடினார்கள். முதல் சாம்பியன் ஜே.சி.டி.யை 2011இல் மூடினார்கள். நேஷனல் லீக் 2007இல் ஐ-லீக் என்று பெயர் மாறியது. பெயர்தான் மாறியது. இந்தியக் கால்பந்தில் ஒரு கிளப்பின் ஆயுள் அதன் முதலாளியின் பொறுமை எவ்வளவோ அவ்வளவு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கோயம்புத்தூருக்குப் போகலாம்.

சென்னை சிட்டி எஃப்.சி., இது சென்னையின் எஃப்.சி. இல்லை, வேறு கிளப். பெயரில் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்தது. முதல் இரண்டு பருவமும் அடித்தட்டில் தள்ளாடியது. எட்டாம் இடம், மறுபடி எட்டாம் இடம். அந்தத் தள்ளாட்டத்திலும் ஒருவன் தெரிந்தான்: குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ். 2017-18 ஐ-லீக்கின் சிறந்த மிட்ஃபீல்டர் விருது அவருக்குத்தான். அடுத்த பருவமே சூப்பர் லீக் அணியான ஜாம்ஷெட்பூர் அவரை எடுத்துக்கொண்டது. நல்ல சம்பளம், நல்ல மேடை. போனவரை யார் குறை சொல்ல முடியும்?

அவர் போன பிறகு இந்த அணி என்ன செய்யும் என்று எவரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளிலிருந்து, இங்கே யாரும் பெயர்கூடக் கேட்டிராத நான்கு பேர்: பெட்ரோ மன்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாந்த்ரோ, ராபர்டோ எஸ்லாவா. டெல் பியரோவின் ஒரு மாதச் செலவில் இந்த நால்வரின் பருவமே ஓடியிருக்கும் என்பது என் ஊகம், கணக்குக் கேட்காதீர்கள். இவர்களோடு எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின், அஜித்குமார் என்று நம் பிள்ளைகள். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுகிற வழக்கமான ஐ-லீக் ஆட்டம் இல்லை இது. தரையோடு தரையாகப் பாஸ் போட்டு ஆடினார்கள். மன்சி மட்டும் 21 கோல்.

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டிக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். கோவையில் நமக்கு முந்தைய ஆண்டு சாம்பியனான மினர்வா பஞ்சாபோடு ஆட்டம், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு கோகுலத்தோடு ஆட்டம். மூன்றாவது நிமிடத்தில் மினர்வா கோல் போட்டுவிட்டது. அந்த முதல் பாதி முழுக்கக் கோவை மைதானத்தில் இருந்தவர்கள் கையில் போனை வைத்துக்கொண்டு இரண்டு ஆட்டம் பார்த்தார்கள். இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டி, மன்சி அடித்தார், 1-1. பிறகு அசாம்காரரான கௌரவ் போரா. டிஃபெண்டர். அவர் ஒன்று போட்டார், ஆட்டம் முடியும் நேரத்தில் இன்னொன்றும் போட்டார். 3-1. அங்கே ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்தும் பலனில்லை. 43 புள்ளி, 42 புள்ளி. தேசிய லீக் பட்டம் முதல் முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

கூடவே இன்னொன்று. அதே ஆண்டு மே மாதம் லூதியானாவில் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக்கை எடுத்தது. ஆக 2019இல் ஆண்கள் ஐ-லீக், பெண்கள் லீக் இரண்டுக்கும் சாம்பியன் தமிழ்நாடு. இந்த அவையில் இது எத்தனை பேருக்குத் தெரியும், கை தூக்குங்கள் பார்ப்போம். … இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் பருவத்தின் நடுவிலேயே ஐ-லீக்கின் பல ஆட்டங்களைக் காட்டுவதைத் தொலைக்காட்சி நிறுத்திவிட்டது. பார்க்காததை எப்படித் தெரிந்துகொள்வது?

சரி, சாம்பியன் ஆனார்கள். உலகத்தில் வேறெங்கும் இதற்கு ஒரு அர்த்தம் உண்டு. இங்கே அந்த மார்ச் மாதம் எட்டே நாள் இடைவெளியில் இந்தியாவுக்கு இரண்டு சாம்பியன்கள். 17ஆம் தேதி மும்பையில் பெங்களூரு எஃப்.சி. சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. யார் பெரியவர் என்பதை ஏப்ரலில் புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கோப்பை சொன்னது: சென்னை சிட்டி 2, பெங்களூரு 1. பல ஐ-லீக் கிளப்புகள் தங்களை இரண்டாந்தரமாக நடத்துவதாகச் சொல்லிப் புறக்கணித்த போட்டி அது. ஜெயித்துக் காட்டியும் பயனில்லை. அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு சூப்பர் லீக்தான் நாட்டின் முதல்நிலை லீக் என்று ஆக்கினார்கள். ஐ-லீக் இரண்டாம் நிலை. ஐ-லீக் சாம்பியன் மேலே ஏறலாம், ஆனால் 2022-23 பருவத்திலிருந்துதான். அதாவது 2019இல் ஜெயித்தவன் நின்ற இடத்திலேயே ஒரு படி கீழே இறக்கப்பட்டான். மேலே போக வழி கேட்டால் நாலு வருஷம் கழித்து வா என்றார்கள்.

நாலு வருஷம் காத்திருக்க ஒரு சின்ன கிளப்பிடம் என்ன இருக்கிறது? சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் 2019இல் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது, அது ஒரு நம்பிக்கை. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் ஒரு கோலில் தோற்றார்கள். அதே மாதம் மன்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போய்விட்டார். பிறகு கொரோனா. 2020-21 ஆட்டங்கள் எல்லாம் வங்காளத்தில், ஆளில்லாத மைதானங்களில். 2021-22 பருவத்துக்கு உரிமம் கிடைக்காமல் லீக்கை விட்டே வெளியே. சாம்பியன் ஆகி மூன்று வருஷம் நிறையவில்லை. அதற்கப்புறம் இன்றுவரை இரண்டாம் நிலை லீக்கில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு கிளப்பும் கிடையாது.

கிளப் நிர்வாகத்தில் தவறே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. உரிமம் வாங்குவதற்கு நிபந்தனைகள் உண்டு, அதை நிறைவேற்றுவது கிளப்பின் பொறுப்பு. ஆனால் ஜெயித்தால் ஏறலாம் என்ற வழி திறந்திருந்தால் முதல் போட ஆள் வந்திருக்கும். அடைத்த கதவுக்கு முன்னால் எவன் காசு போடுவான்?

இப்போது மேலே இருந்தவர்கள் கதைக்கு வருவோம். அது சுருக்கமானது. அடிப்படையில் ஒரே ஒரு காகிதம்.

2010 டிசம்பர் 9 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 15 ஆண்டுகள், 700 கோடி ரூபாய். லீக், தேசிய அணி, ஒளிபரப்பு, விளம்பரம் என்று வணிக உரிமை மொத்தமும் ஒரே கையில். அதற்கு முன் ஜீ நிறுவனத்தோடு பத்தாண்டு ஒப்பந்தம் போட்டுப் பாதியில் முறித்திருந்தார்கள். பணமில்லாத கூட்டமைப்புக்கு 700 கோடி பெரிய தொகை. குறை சொல்வதற்கு முன் அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 15 ஆண்டு ஒப்பந்தம் என்றால் 2025 டிசம்பர் 8இல் முடியும் என்பதும் அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். காலண்டரில் அடித்து வைத்த தேதி அது. அந்தத் தேதி நெருங்க நெருங்க ஒருவரும் அசையவில்லை. கூட்டமைப்பின் அமைப்பு விதிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. தீர்ப்பு வரும்வரை புதிய ஒப்பந்தம் போட வேண்டாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2025 ஜூலையில், அடுத்த பருவத்தை நிறுத்திவைக்கிறோம் என்று லீக் நடத்தும் நிறுவனம் கடிதம் எழுதிவிட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணிக்குச் சம்பளத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்.சி.யும் வேலைகளை நிறுத்தியது. செப்டம்பர் 19 அன்று தீர்ப்பு வந்தது. அக்டோபரில் டெண்டர் விட்டார்கள்: ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி ரூபாய், 15 ஆண்டு. நவம்பர் 7 கடைசி நாள்.

ஒருவர்கூட டெண்டர் போடவில்லை.

இந்திய அணி வீரர்கள் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங், சந்தேஷ் ஜிங்கன் ஆகியோர் எங்களை ஆடவிடுங்கள் என்று பொதுவெளியில் கெஞ்சினார்கள். அதே நவம்பரில் இந்திய அணி டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றது. 22 ஆண்டுகளில் முதல் தடவை. 2017இல் ஃபிஃபா தரவரிசையில் 96வரை ஏறியிருந்த அணி 142க்குப் போனது. லீக் நின்றதால்தான் தோற்றோம் என்று ஒரே கோட்டில் சொல்லிவிட முடியாது, சரிவு அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. ஆனால் பதினோரு பருவம் கோடிகளைக் கொட்டி நடத்திய லீக், தேசிய அணிக்கு நம்பகமான ஒரு ஸ்ட்ரைக்கரைக் கொடுக்கவில்லை. நாற்பதைத் தொட்ட சேத்ரி ஓய்விலிருந்து திரும்பி வர வேண்டியிருந்தது. கோல் அடிக்கிற இடங்களை வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கினால் உள்ளூர்க்காரன் கோல் அடிக்க எங்கே பழகுவான்?

இது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவில் 1968இல் ஒரு லீக் தொடங்கினார்கள். நார்த் அமெரிக்கன் சாக்கர் லீக். 1975இல் நியூயார்க் காஸ்மாஸ் கிளப் பெலேயைக் கூட்டிவந்தது, 1977இல் பெக்கன்பவர். அந்த ஆகஸ்டில் ஒரே ஆட்டத்துக்கு 77 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அதே காஸ்மாஸ்தான் செப்டம்பர் 24 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகானோடு ஆடியது, 2-2. பெலேயை ஒட்டிக்கொண்டே ஆடிய மோகன் பகான் வீரர் கௌதம் சர்க்காரின் பெயர் வங்காளத்தில் இன்றும் பேசப்படுகிறது. கூட்டத்தைப் பார்த்த மயக்கத்தில் அமெரிக்கர்கள் 1978இல் 24 அணிகளாக்கினார்கள். பெலே ஏற்கெனவே ஓய்வுபெற்றிருந்தார், கூட்டம் கரைந்தது, தொலைக்காட்சி கைவிட்டது. 1984இல் மிச்சம் ஒன்பது அணிகள். அடுத்த ஆண்டு லீக்கே இல்லை. சீனத்தில் இன்னும் வேகம்: ஜியாங்சு அணி 2020 நவம்பரில் சாம்பியன், 2021 பிப்ரவரியில் கலைப்பு. முதலாளி நிறுவனத்துக்குக் கஷ்டம், கிளப்பை மூடிவிட்டார்கள். கோவைக் கதை மூன்று வருஷம் எடுத்தது. சீனத்தில் மூன்று மாதம்.

இங்கே விவசாயிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு வழியில் சொன்னால் சட்டென்று பிடிபடும். மலையிலிருந்து வரும் தண்ணீர் ஒரு குளத்தில் சேர்கிறது. அது நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கு, அங்கிருந்து அதற்கடுத்த குளத்துக்கு. ஒரு குளம் உயிரோடு இருக்க வரத்துக்கால் வேண்டும், மறுகாலும் வேண்டும். சூப்பர் லீக் என்பது இரண்டும் இல்லாமல் வெட்டிய குளம். கீழேயிருந்து ஜெயித்து வருகிறவனுக்கு வரத்து இல்லை, மேலே தோற்றுக் கடைசியில் நிற்பவனுக்கு மறுகால் இல்லை. அப்புறம் எப்படி நிறைந்தது? லாரித் தண்ணீர். லாரிக்காரர் கொண்டுவந்து ஊற்றும்வரை ததும்பியது, வரவில்லை என்றதும் வண்டல் தெரிந்தது.

இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டியைத் தம்பிகளுக்குத் தெரியும். 2009இல் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த கிளப். 2016இல் பிரீமியர் லீக் சாம்பியன். 2023இல் மறுபடி கீழே. இறங்கினாலும் கிளப் இருக்கிறது, டிக்கெட் வாங்க ஊர் இருக்கிறது, ஏறி வர வழி இருக்கிறது. இங்கே 2023இல்தான் பஞ்சாப் எஃப்.சி. ஐ-லீக்கில் ஜெயித்து சூப்பர் லீக்குக்குள் வந்தது, அதற்கடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங். வரத்து லேசாகத் திறந்தது, அதற்குள் குளமே வறண்டது. இறங்குவது என்பது இதுவரை ஒருவருக்கும் நடக்கவில்லை. கடைசி இடத்தில் நிற்கும் அணிக்கும் நடு இடத்தில் நிற்கும் அணிக்கும் ஒரே கதி என்றால் பிப்ரவரி, மார்ச்சில் அந்த ஆட்டங்களை யார் பார்ப்பார்கள்?

கபடிப் பையன்கள் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. புரோ கபடியும் அதே 2014இல் தொடங்கியது, அதே ஸ்டார் தொலைக்காட்சிதான் காட்டியது, அதிலும் ஏறுவது இறங்குவது கிடையாது, அது மட்டும் எப்படி நிற்கிறது? நல்ல கேள்வி. என் பதில் இது: கபடி லீக் ஆட்களை ஊர்களிலிருந்து எடுத்தது. ரைடர் யார், கேட்சர் யார் என்பது ஒவ்வொரு கிராமத்துக்கும் முன்பே தெரிந்த சங்கதி. கோயில் கொடையை ஒட்டி நடக்கும் போட்டியில் ஆடிய பையன் அடுத்த வருஷம் டி.வி.யில் வருகிறான். செலவும் குறைவு, இத்தாலியிலிருந்து யாரையும் வரவழைக்க வேண்டியதில்லை. கால்பந்துக்கும் அப்படிப்பட்ட ஊர்கள் உண்டு. குமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று கடற்கரை நெடுக மணலில் பந்து விளையாடுகிற ஊர்கள். அங்கே நடக்கும் மின்னொளிப் போட்டிகளுக்குக் கூடுகிற கூட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும். சூப்பர் லீக் அந்த ஊர்களுக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. ஆளைப் பொறுக்கிக்கொண்டு போனது. போட்டியை அங்கே விட்டுவிட்டது.

பெண்கள் கதை வேறு மாதிரி, அதை இன்னொரு நாள் விரிவாகப் பேச வேண்டும். சுருக்கமாக ஒன்று. ஆண்கள் லீக் நிற்கும் என்று கடிதம் வந்த அதே 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்துக்குப் போய், தாய்லாந்தையே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018லும் 2023லும் தேசிய சாம்பியன்கள். அவர்களுக்கு நடிகர் முதலாளியும் இல்லை, 700 கோடியும் இல்லை. காசில்லாமல் இருப்பது நல்லது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண்களுக்குக் கிடைத்த சம்பளத்தைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும்.

பிப்ரவரி 14 ஆட்டங்களைப் பாருங்கள். பார்க்கும்போது மூன்று சங்கதிகளைக் கவனியுங்கள் என்று தம்பிகளைக் கேட்டுக்கொள்கிறேன். லீக்கின் உரிமை யாரிடம் போகிறது, மறுபடி ஒரே முதலாளிக்கா, கிளப்புகளுக்கும் பங்கு உண்டா. இந்தப் பருவத்தின் கடைசி இடத்து அணி உண்மையில் கீழே இறக்கப்படுகிறதா, அல்லது ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடுகிறார்களா. மூன்றாவது, நம் மாவட்டச் சங்கம் ஆண்டுக்கு எத்தனை லீக் ஆட்டம் நடத்துகிறது. முதல் இரண்டும் டெல்லியில் முடிவாவது, நாம் செய்தித்தாளில்தான் படிக்க முடியும். மூன்றாவதை நாளைக்கே போய்க் கேட்கலாம். தென்காசி மாவட்டம் பிறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது.

கோவையில் ஆடிய பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஒரு தங்கை சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். ரொமாரியோ கோவா அணிக்குப் போனார். எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடினார். சாம்பியன் ஆவதற்கு முன்பு சென்னை சிட்டிக்கு ஆடிய நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒரே ஒரு கோல் போட்டு கொல்கத்தாவின் இரு பரம வைரிகள் மோதும் டெர்பியை ஜெயித்துக் கொடுத்தார். ஈஸ்ட் பெங்கால் நாலரை வருஷமாக ஜெயிக்காத டெர்பி. அன்று இரவு கொல்கத்தாவில் சென்னைப் பையனைத் தோளில் தூக்காத குறை. அடுத்த சீட்டை எடுங்கள்.